நிலநடுக்கம் கூடியிருக்கிறதா? நியூசிலாந்துப் பட்டியலை அலசிய அனுபவம்

"உங்கள் ஊரில் இப்போதெல்லாம் நிலநடுக்கம் கூடிவிட்டதாமே?" வெலிங்டனில் குடியிருப்பவனிடம் ஊரிலிருந்து பேசுகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. ஓர் அதிர்வு வந்துபோன மறுநாள் இங்குள்ள அக்கம்பக்கத்தாரும் இதையேதான் கேட்டுக்கொள்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் எதை எண்ணிப் பதில் சொல்வது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. நியூசிலாந்தில் ஆண்டுக்குச் சுமார் 20,000 நிலநடுக்கங்களுக்கு இடமும் அளவும் (வலிமையைச் சொல்லும் எண்) குறிக்கப்படுகின்றன. சராசரியாக அரை மணி நேரத்துக்குள் ஒன்று. அவற்றில் மனிதர் உணரும் அளவுக்கு வலுவானவை மிகச் சிறு பங்கு. எதைக் கணக்கில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் தலைகீழாகிவிடும். ஆகவே பட்டியலை நானே இறக்கி, சுத்தம் செய்து, வாரந்தோறும் தானாக மதிப்பிடும் ஒரு சிறு நிரலை எழுதினேன். செய்த வேலையையும் கண்ணில் பட்ட பொறிகளையும் இங்கே பதிவு செய்கிறேன். வேறு நாட்டின் பட்டியலைக் கையில் எடுப்பவர்களுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

பட்டியலை இறக்குதல்

நாட்டின் நிலநடுக்கக் கண்காணிப்பை 2001-இல் தொடங்கப்பட்ட ஜியோநெட் கவனித்துக்கொள்கிறது. அதன் தரவு முழுவதும் இலவசம், கடவுச்சொல்கூட வேண்டாம். தேதி, குறைந்தபட்ச அளவு, வரைபடத்தில் ஒரு கட்டம் ஆகியவற்றைக் கொடுத்தால் சிஎஸ்வி கோப்பு (அட்டவணையாகத் திறக்கும் எளிய உரைக் கோப்பு) இறங்கிவிடும். காலவரம்பு நீளமாக இருந்தால் ஒரே கோப்பாகக் கிடைக்காது, துண்டு துண்டாக இறக்கி ஒட்டிக்கொள்ள வேண்டும். அண்மைய அதிர்வுகள் மட்டும் போதும் என்றால் தனி இடைமுகம் இருக்கிறது. உணரும் வலிமையைக் குறைந்தபட்ச வரம்பாகக் கொடுத்தால், கடந்த 365 நாட்களில் அந்த வரம்பைத் தாண்டியவற்றில் 100 வரை தரும். எனக்குப் பழைய ஆண்டுகளும் வேண்டும் என்பதால் சிஎஸ்வி வழியையே பிடித்தேன். அலசுவதற்குப் பைத்தான் நிரல்மொழியும் அதன் அட்டவணைக் கருவியான பாண்டாஸும் போதும், சாதாரண மடிக்கணினி தாங்கும்.

கோப்பைத் திறந்ததும் முதலில் செய்ய வேண்டியது நேரத்தைச் சரிசெய்வது. பட்டியல் முழுவதும் உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. நியூசிலாந்து நேரம் அதைவிட 12 மணி முன்னால், கோடைக்காலத்தில் 13 மணி முன்னால். 2016 நவம்பர் 14 நள்ளிரவு தாண்டி 2 நிமிடத்தில் தென்தீவில் வந்த கைக்கோரா நிலநடுக்கம் பட்டியலில் நவம்பர் 13, முற்பகல் 11:02 என்றுதான் இருக்கும். தேதிவாரியாகத் தொகுக்கும்போது இதைக் கவனிக்காவிட்டால் ஒரு நாளின் பாதி இன்னொரு நாளில் போய் உட்கார்ந்துவிடும்.

அடுத்தது தீர்க்கரேகை. நாட்டின் வடகிழக்கே கெர்மடெக் தீவுகள் 180 பாகைக் கோட்டுக்கு அப்பால் இருப்பதால் அங்குள்ள அதிர்வுகளுக்கு எதிர்மறை எண் வரும். அப்படியே வரைந்தால், பூமியின் மேலோட்டுத் தட்டுகள் சந்திக்கும் ஒரே எல்லைக்கோடு இரண்டாக அறுந்து, பாதி வரைபடத்தின் மறு ஓரத்தில் விழும். எதிர்மறையாக உள்ளவற்றோடு 360 கூட்டினால் கோடு ஒன்றுசேர்ந்துவிடுகிறது.

கோப்பில் நிகழ்வு வகை என்றொரு நெடுவரிசை இருக்கிறது. கற்குவாரி வெடிப்பு, நிலச்சரிவு, எரிமலை, உண்மையில் நடக்கவே இல்லை என்று பின்னர் தள்ளப்பட்டது என எல்லாம் அதில் குறிக்கப்பட்டிருக்கும். வடிகட்டாமல் எண்ணக் கூடாது. மதிப்பீட்டு நிலை என்ற நெடுவரிசையும் முக்கியம். கணினி தானாகக் கணித்தது எது, ஆய்வாளர் அலைகளைப் பார்த்து உறுதி செய்தது எது என்பதை அது சொல்லும். இன்று காலை 4.6 என்று இருந்தது மாலையில் 4.3 ஆவது இதனால்தான். என் நிரல் கடைசி இரண்டு வாரங்களை ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்கிப் பழையதை அழித்து எழுதுகிறது.

ஆழம் தனிக்கதை. ஆழத்தின் பரவலை வரைந்தவுடன் 5, 12, 33 கிலோமீட்டரில் மூன்று கோபுரங்கள் எழுந்து நிற்கும். பூமி அந்த மூன்று ஆழங்களை விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. அருகில் கருவி இல்லாதபோது ஆழத்தைத் துல்லியமாகக் கணிக்க முடியாது. அப்போது ஒரு நிலையான மதிப்பை வைத்துக்கொண்டு இடத்தை மட்டும் கணிக்கிறார்கள். ஆழ வகை என்ற நெடுவரிசையில் அது குறிக்கப்பட்டிருக்கும். ஆழத்தைப் பற்றிய எந்த வரைபடத்திலும் இவற்றைத் தனி நிறத்தில் காட்டுகிறேன் அல்லது விலக்கிவிடுகிறேன்.

பட்டியல் எதைக் கேட்கவில்லை?

இந்த வேலையின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். நிலநடுக்கப் பட்டியல் பூமி என்ன செய்தது என்பதை எவ்வளவு சொல்கிறதோ, அதே அளவுக்குக் கருவிகள் எங்கே இருந்தன, எவ்வளவு கூர்மையாகக் கேட்டன என்பதையும் சொல்கிறது. இரண்டையும் பிரிக்காமல் "கூடியிருக்கிறது" என்று சொல்வதில் பொருளே இல்லை.

அளவு 2-க்குக் கீழான புள்ளிகளை மட்டும் வரைந்து பாருங்கள். வடதீவின் நடுவே டௌப்போ ஏரியைச் சுற்றியும் வெலிங்டன் பக்கமும் அடர்ந்து கிடக்கும். கருவிகள் நெருக்கமாக இருப்பதும் அங்கேதான். கெர்மடெக் பக்கம் ஏறக்குறைய வெறுமை. ஆனால் உலகின் மிகச் சுறுசுறுப்பான தட்டு எல்லைகளில் ஒன்று அது. 2021 மார்ச் 5 காலையில் அளவு 8.1 வந்த இடம். சிறு அதிர்வுகள் அங்கே இல்லாமல் இல்லை, கேட்கப் பக்கத்தில் காது இல்லை.

இதே உண்மையைக் கடிகாரமும் காட்டிக்கொடுக்கிறது. எல்லா அதிர்வுகளையும் உள்ளூர் மணிவாரியாக அடுக்கினேன். அளவு 3-க்கு மேல் எடுத்தால் 24 மணி நேரத்துக்கும் கோடு கிட்டத்தட்ட சமமாக ஓடுகிறது. மிகச் சிறியவற்றை எடுத்தால் இரவில் மேடும் பகலில் பள்ளமும் தெரிகிறது. பகலில் லாரியும் ரயிலும் கட்டட வேலையும் தரையை ஆட்டிக்கொண்டே இருப்பதால் நுண்ணதிர்வுகள் அந்த இரைச்சலில் மறைந்துபோகின்றன. பகலும் இரவும் ஒரே மாதிரி கோடு வரும் அளவுவரைதான் பட்டியலை நம்பலாம் என்பது எளிய, ஆனால் நேர்மையான சோதனை.

முறைப்படி வரம்பைக் காணவும் ஒரு வழி உண்டு. ஒவ்வொரு 0.1 அளவுக்கும் எத்தனை அதிர்வுகள் என்று எண்ணினால், பெரியதிலிருந்து சிறியதை நோக்கி வரும்போது எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் உச்சி தொட்டுச் சரியும். சரிவு தொடங்கும் இடத்தில் கருவிகள் தவறவிடத் தொடங்குகின்றன. உச்சியோடு 0.2 கூட்டி அதை முழுமை வரம்பாக வைத்துக்கொள்வது வழக்கம். நான் நிலப்பகுதிக்கு இன்னும் பாதுகாப்பாக அளவு 3 என்றே வைத்துக்கொண்டேன். கெர்மடெக் பக்கத்துக்கு அதைவிட மிக உயரமான வரம்பு வேண்டும் என்பதால் அதைத் தனிப் பட்டியலாகவே வைத்திருக்கிறேன்.

வரம்பு சரிதானா என்று பார்க்கக் குட்டன்பர்க்-ரிக்டர் விதி துணை நிற்கிறது. அளவு ஒரு படி ஏறினால் எண்ணிக்கை ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறையும் என்பது அது. அந்தச் சரிவை பி மதிப்பு என்பார்கள். கணக்கு எளிது. வரம்புக்கு மேலுள்ள எல்லா அளவுகளின் சராசரியை எடுத்து, அதிலிருந்து வரம்பைக் கழித்து, 0.4343-ஐ அந்த விடையால் வகுக்க வேண்டும். வரம்பு 3, சராசரி 3.434 என்றால் பி மதிப்பு 1. ஜியோநெட் அளவுகளைப் பல தசம இடங்களோடு தருவதால் இதை அப்படியே செய்யலாம். ஒரு தசமத்துக்கு முழுமைப்படுத்திய பட்டியல் என்றால் வரம்பிலிருந்து 0.05 குறைத்துக்கொள்ள வேண்டும். வரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி ஒவ்வொன்றுக்கும் பி மதிப்பைக் கணித்தால், முதலில் தாழ்வாக இருந்து ஏறி, 1-க்கு அருகில் வந்து நிலைகொள்ளும். நிலைகொள்ளும் இடத்துக்குக் கீழே உள்ளதை நான் எண்ணுவதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. 2012 தொடக்கத்தில் ஜியோநெட் தன் கணிப்பு முறையை மாற்றித் தானியங்கி முறைக்கு வந்தது. அளவு கணிக்கும் விதமும் அதோடு மாறியது. 2011-ஐயும் 2013-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது இரண்டு வேறு தராசுகளில் நிறுத்த பொருளை ஒப்பிடுவதற்குச் சமம். என் கோடுகள் எல்லாம் 2012-க்குப் பிறகுதான் தொடங்குகின்றன.

பின்னதிர்வுகளைப் பிரித்தல்

2012 முதல் இன்றுவரை அளவு 3-க்கு மேற்பட்டவற்றை மாதவாரியாக வரைந்தால், 2013-இல் வெலிங்டனுக்குத் தெற்கே குக் நீரிணையிலும் செடன் ஊர்ப் பக்கத்திலும் வந்த 6.5, 6.6 அதிர்வுகளின் மேடுகள் தெரியும். பிறகு 2016 நவம்பரில் ஒரு மலையே எழும்பும். கைக்கோரா, அளவு 7.8. இருபதுக்கும் மேற்பட்ட பிளவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழிந்து ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஓடிய நிகழ்வு அது. அந்த மலையைச் சேர்த்து எடுத்த சராசரியால் பயனில்லை. அதன் பின்னதிர்வுகளைத் தனியாக எடுத்தாக வேண்டும்.

வழக்கமான முறை 1974-இல் கார்ட்னர், நோப்போஃப் இருவரும் கொடுத்த சன்னல் முறை. ஒரு நிலநடுக்கத்தின் அளவைப் பொறுத்து, இத்தனை கிலோமீட்டர் சுற்றளவில் இத்தனை நாட்களுக்குள் வரும் சிறியவை எல்லாம் அதன் பின்னதிர்வுகள் என்று ஒதுக்க வேண்டும். அளவு 5 என்றால் 40 கிலோமீட்டர், 155 நாட்கள். அளவு 7 என்றால் 70 கிலோமீட்டர், 915 நாட்கள். சாதாரண அதிர்வுகளுக்கு இது போதும். கைக்கோராவுக்குப் போதாது. மையம் தெற்கே, கிழிசலோ வடகிழக்கு நோக்கிச் சுமார் 170 கிலோமீட்டர் நீண்டது. மையத்தைச் சுற்றி வட்டம் போட்டால் வட கோடியில் நடந்த பின்னதிர்வுகள் எல்லாம் வெளியே நின்று "புதிய" அதிர்வுகளாக எண்ணப்பட்டுவிடும். எனவே இந்த ஒன்றுக்கு மட்டும் வட்டத்தைக் கைவிட்டு, கடற்கரையை ஒட்டிக் கிழிசலின் நீளத்துக்கு ஒரு பட்டையை வரைந்து, அதற்குள் வருவதைத் தனியே எடுத்தேன்.

அந்தப் பட்டையில்தான் ஓமோரியின் விதி கண்முன் ஓடுகிறது. ஜப்பானிய அறிஞர் புசாகிச்சி ஓமோரி 1894-இல் சொன்னது: பின்னதிர்வுகளின் எண்ணிக்கை நாட்களுக்கு நேர்மாறாகக் குறையும். முதல் நாள் 100 என்றால் பத்தாம் நாள் 10, நூறாம் நாள் 1. இரு அச்சுகளையும் மடக்கை அளவில் போட்டால் நேர்க்கோடாக இறங்க வேண்டும். இறங்குகிறது, முதல் சில மணி நேரத்தைத் தவிர. அங்கே கோடு தட்டையாகிவிடுகிறது, காரணம் மீண்டும் காதுதான். ஓர் அதிர்வின் அலை அடங்கும் முன் அடுத்தது வந்துவிடுவதால் சிறியவை பெரியவற்றின் அலைக்குள் மூழ்கிப் பட்டியலில் ஏறவே இல்லை. அந்த மணி நேரங்களில் முழுமை வரம்பே தற்காலிகமாக உயர்ந்துவிடுகிறது. கோட்டைப் பொருத்தும்போது முதல் நாளை விட்டுவிட்டுத் தொடங்குகிறேன்.

இதன் பயன் பெரிது. கைக்கோரா பக்கம் இன்று ஓர் அதிர்வு வந்தால், அதை 2016-க்கு முந்தைய அமைதியோடு ஒப்பிடக் கூடாது. ஓமோரிக் கோட்டின் நீண்ட வாலோடு ஒப்பிட வேண்டும். வால் ஆண்டுக்கணக்கில் நீளும். அந்தக் கோட்டுக்கு மேலே எழும்பினால்தான் செய்தி.

வார மதிப்பீடு

பின்னதிர்வுகளை ஒதுக்கியபின் மிஞ்சுவது பெரும்பாலும் தற்செயலாகச் சிதறி வருகிறது. தற்செயலுக்கும் கொத்துக் கொத்தாக வரும் குணம் உண்டு என்பதைத்தான் பலரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு பகுதியில் வாரத்துக்குச் சராசரி 4 என்று வைத்துக்கொள்வோம். 8 வந்துவிட்டால் இரட்டிப்பாகிவிட்டதே என்று மனம் பதறும். தற்செயல் நிகழ்வுகளின் எண்ணிக்கைக்கான பாய்சான் கணக்குப்படி 8 அல்லது அதற்கு மேல் வருவதற்கான வாய்ப்பு 5 சதவீதம். ஆண்டில் 52 வாரங்கள் இருப்பதால், எதுவுமே மாறாமல் இருந்தாலும் அப்படிப்பட்ட வாரங்கள் இரண்டோ மூன்றோ வந்துதான் தீரும். நாட்டைப் பல பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு பார்த்தால் எங்கோ ஒரு பகுதியில் ஏறக்குறைய எப்போதும் ஒன்று நடந்துகொண்டிருக்கும். என் நிரல் ஒவ்வொரு பகுதிக்கும் இந்த வாய்ப்பைக் கணித்து, ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போனால் மட்டும் மஞ்சள் வண்ணம் பூசுகிறது. பெரும்பாலான வாரங்களில் மஞ்சள் எதுவும் இருப்பதில்லை. தோன்றும்போது அநேகமாக அது ஒரு கூட்ட அதிர்வு: முதன்மை என்று சொல்ல எதுவும் இல்லாமல் ஒரே அளவில் பலவாக வரும் வகை. டௌப்போ எரிமலை மண்டலத்தில் இது இயல்பு.

ஆழத்தின் குறுக்குவெட்டுப் படத்தையும் வாரந்தோறும் வரைகிறேன். வடதீவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்கே டரனாகி வரை ஒரு கோடு போட்டு, அதன்மேல் எல்லா அதிர்வுகளையும் ஆழத்தோடு இறக்கினால், பசிபிக் தட்டு ஆஸ்திரேலியத் தட்டின் கீழே சரிந்து போகும் சாய்தளம் புள்ளிகளாலேயே வரையப்பட்டு எழுகிறது. வெலிங்டனின் கீழே அந்தத் தட்டு 25 கிலோமீட்டர் ஆழத்துக்கு அருகில் இருக்கிறது. மேற்கே போகப் போக 200 கிலோமீட்டரையும் தாண்டுகிறது. டரனாகியின் கீழே 600 கிலோமீட்டர் ஆழத்தில் தன்னந்தனியாகச் சில புள்ளிகள் கிடக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். இந்தப் படம் ஒரு நடைமுறைச் சந்தேகத்தையும் தீர்த்துவைத்தது. ஆழமான அதிர்வுகள் நேர் மேலே இருப்பவர்களைவிடக் கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்கே அதிகம் தெரிகின்றன. குளிர்ந்த, இறுகிய தட்டின் வழியே அலைகள் வலுக் குறையாமல் ஏறி வருகின்றன. எரிமலைகளின் கீழுள்ள சூடான பகுதி அவற்றை விழுங்கிவிடுகிறது.

வீட்டில் ஒரு கருவி

பட்டியலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் அலை எப்படி இருக்கும் என்பது கைக்குப் பிடிபடாது என்று தோன்றியதால் ஒரு ராஸ்பெரி ஷேக் வாங்கி வைத்தேன். ராஸ்பெரி பை சிறுகணினியின்மேல் பொருத்தப்பட்ட ஒரு பலகை, அதோடு செங்குத்து அசைவை மட்டும் அளக்கும் 4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோன். சுருள்வில்லில் தொங்கும் காந்தமும் கம்பிச்சுருளும்தான் அதன் உள்ளே. தரை அசையும்போது சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது, பலகை அதை வினாடிக்கு 100 முறை எண்ணாக்குகிறது.

வைக்கும் இடம்தான் எல்லாமே. மரத்தளத்தில் வைத்தால் வீட்டில் நடப்பவர்களின் ஒவ்வொரு அடியும் பதிவாகும். கார் கொட்டகையின் கான்கிரீட் தரையில், சுவரிலிருந்து தள்ளி, நீர்மட்டக் குமிழ் நடுவில் நிற்கும்படி திருகுகளைச் சரிசெய்து வைத்தேன். குளிர்சாதனப் பெட்டியும் துணி துவைக்கும் இயந்திரமும் வீட்டின் மறுகோடியில். வெலிங்டனின் காற்றை மட்டும் எதுவும் செய்ய முடியாது. வடமேற்குக் காற்று வீசும் நாளில் கோடு தடித்துவிடும். 2 முதல் 15 ஹெர்ட்ஸ் வரையான பகுதியை மட்டும் வடிகட்டி எடுத்தால் அருகிலுள்ள சிறு அதிர்வுகள் தெளிவாக மேலே வருகின்றன.

முதலில் சிறு துடிப்பாக முதன்மை அலை வரும். சற்றுப் பொறுத்துப் பருமனான இரண்டாம் அலை. இரண்டுக்கும் இடைப்பட்ட வினாடிகளை 8-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் கிடைத்துவிடும். முதன்மை அலை வினாடிக்கு 6 கிலோமீட்டர், இரண்டாவது 3.5 கிலோமீட்டர் அளவில் ஓடுவதால் வரும் எண் இது. செடன் பக்கம் ஓர் அதிர்வு என்றால் இடைவெளி ஒன்பது வினாடிக்கு அருகில் இருக்கும், அதாவது எழுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஜியோநெட் மையத்தைக் குறிக்கும் முன்பே தூரம் கையில் இருக்கிறது. திசை தெரியாது, அதற்கு வேறு நிலையங்கள் வேண்டும்.

அளவும் ஆட்டமும்

மதிப்பீட்டில் எண்ணிக்கைக்கும் அளவுக்கும் மேலாக நான் வைப்பது, ஓரிடத்தில் தரை எவ்வளவு ஆடுகிறது என்ற ஆட்டத்தைத்தான். 2010 செப்டம்பர் 4-இல் கிரைஸ்ட்சர்ச்சுக்கு மேற்கே அளவு 7.1. நகரம் தப்பித்தது. 2011 பிப்ரவரி 22 பகல் 12:51-க்கு அதன் பின்னதிர்வாக அளவு 6.2. நகரத்துக்கு மிக அருகில், 5 கிலோமீட்டர் ஆழத்தில். 185 பேர் உயிரிழந்தார்கள். ஆற்றலில் முந்தையதன் இருபதில் ஒரு பங்குதான் அது. பட்டியலை அளவுவாரியாக அடுக்கினால் இந்த நாள் எங்கோ கீழே போய்விடும். இதை மனத்தில் வைத்து, ஒவ்வொரு அதிர்வுக்கும் அருகிலுள்ள ஊர் எத்தனை கிலோமீட்டரில் என்ற நெடுவரிசையையும், ஆழத்தையும் சேர்த்தே வரிசைப்படுத்துகிறேன்.

மண்ணும் கணக்கில் வர வேண்டும். கைக்கோரா அதிர்வின்போது வெலிங்டன் மையத்திலிருந்து வெகுதூரம். ஆனாலும் துறைமுகத்தை ஒட்டிய மென்மண்ணில் ஆட்டம் பெருகி, நடுத்தர உயரக் கட்டடங்கள் சேதமாயின. வெலிங்டனின் நிலமே நிலநடுக்கம் செதுக்கியதுதான். கிரிக்கெட் ரசிகர்களுக்குத் தெரிந்த பேசின் ரிசர்வ் மைதானம், முதலில் கப்பல்கள் வந்து நிற்கும் நீர்த்துறையாகத் திட்டமிடப்பட்ட சதுப்பு நிலம். 1855-இல் அளவு 8.2 நிலநடுக்கம் தரையை உயர்த்திவிட்டதால் அது மைதானமானது.

இப்போது சேர்த்துக்கொண்டிருப்பது

அதிர்வுப் பட்டியலில் வராத ஓர் அசைவும் இங்கே உண்டு. வடதீவின் கிழக்கே கிஸ்போர்ன் கடலோரத்தில் ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தட்டுகள் ஓசையின்றி, நாட்கணக்கில், சென்டிமீட்டர் கணக்கில் நழுவுகின்றன. 2002-இல் ஜிபிஎஸ் நிலையம் ஒன்று கிழக்கே நகர்ந்ததிலிருந்துதான் இது முதலில் தெரியவந்தது. கைக்கோரா அதிர்வின் அலைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்துபோய் இதே கடலோரத்தில் அப்படியொரு நழுவலைத் தூண்டின. மெதுநழுவலோடு சிறு அதிர்வுக் கூட்டங்களும் வரக்கூடும் என்பதால், கிஸ்போர்ன் பகுதியில் என் நிரல் மஞ்சள் காட்டும் வாரத்தில் ஜிபிஎஸ் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

கிஸ்போர்ன் நிலையத்தின் தினசரி இடப்பெயர்ச்சியை ஜியோநெட்டிலிருந்து இறக்கி, அதிர்வு எண்ணிக்கையின் கீழே அதே காலக்கோட்டில் வரையும் பகுதி ஓடத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு நாளும் சில மில்லிமீட்டர் சிதறல் இருப்பதால் ஐந்து நாள் நகரும் இடைநிலையை எடுக்கிறேன். நீண்டகால மேற்கு நோக்கிய நகர்வைக் கழித்துவிட்டால் நழுவல்கள் படிக்கட்டுகளாகத் தெரிகின்றன. அடுத்து மஹியா தீபகற்பத்திலும் ஹாக்ஸ் பே பகுதியிலும் உள்ள நிலையங்களைச் சேர்க்க வேண்டும்.